காலடிப்பேட்டையில் யாருடைய காலடி?

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏழெட்டுப் பிள்ளைகள் படிக்க வருவார்கள். எல்லாரும் திருவொற்றியூர், காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள். ஒருநாள் சமூக அறிவியல் நடத்திக்கொண்டிருந்தபோது, பாடத்தின் நடுவில் ஒரு பெண் கேட்டாள்: "அண்ணா, காலடிப்பேட்டைன்னா யாரோட காலடி?" பெருமாள் காலடி என்றான் ஒருவன், பட்டினத்தார் காலடி என்றான் இன்னொருவன். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். ஜோசப் காலட் என்று ஒருவர், 1717 முதல் 1720 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தவர், திருவொற்றியூருக்குப் பக்கத்தில் நெசவாளர்களைக் குடியேற்றி ஒரு பேட்டையை உண்டாக்கினார். காலட் பேட்டை நம் வாயில் புழங்கிப் புழங்கி காலடிப்பேட்டை ஆகிவிட்டது.

அவள் விடவில்லை. "கோட்டை எங்கியோ இருக்கு. அவரு இங்க எதுக்குண்ணா வந்தாரு?"

நல்ல கேள்வி. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லப் போனால், ஒரு நாட்டின் வரலாறு எப்படி உருவாகிறது என்கிற பெரிய விஷயத்தையே சொல்லியாக வேண்டும். அன்றைக்கு நேரம் போதவில்லை, பிள்ளைகளுக்கு மறுநாள் பரீட்சை. அதனால் முழுசாக இங்கே எழுதுகிறேன். வரலாறு என்றால் ஆண்டுகளை மனப்பாடம் செய்வது என்று நினைத்துத் தள்ளி வைத்தவர்களுக்காகத்தான் இது.

முதலில் அடிப்படை. ஒரு அரசோ வியாபாரக் கம்பெனியோ தன் எல்லையைத் தாண்டிப் பரவுகிறது. இதை விரிவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெரிய அரசு உள்ளுக்குள்ளேயே வட்டாரம் வட்டாரமாகப் பிரிகிறது, ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். இது பிளவு. அப்புறம், ஒரே இடத்தின் மேல் கண் வைத்த இரண்டு மூன்று பலசாலிகள் ஒருவரை ஒருவர் முந்தப் பார்க்கிறார்கள். இது போட்டி. பாடப் புத்தகத்தில் மூன்றும் மூன்று பாடமாக வரும், தனித்தனிக் கேள்வி பதிலோடு. ஆனால் காசிமேட்டில் படகு கட்டுகிற கயிற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், மூன்று புரியைச் சேர்த்து முறுக்கியிருப்பார்கள், ஒன்றைப் பிரித்தால் மற்ற இரண்டும் தளர்ந்துவிடும். இதுவும் அப்படித்தான். ஒருவர் பரவ வேண்டுமென்றால் இன்னொருவர் வீட்டுச் சுவரில் விரிசல் இருக்க வேண்டும். பக்கத்தில் போட்டிக்காரன் நின்றால்தான் அந்த விரிசலுக்குள் அவசர அவசரமாகக் கை நுழையும். இதைப் பார்க்க டில்லிக்கும் லண்டனுக்கும் போக வேண்டாம், பழவேற்காட்டிலிருந்து பாரிமுனை வரைக்கும் ஒரு நடை போய் வந்தால் போதும்.

1565ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் தோற்றது. தக்காணத்து சுல்தான்கள் ஒன்று சேர்ந்து அடித்த அடியில் தலைநகரமே பாழாகிவிட்டது. பேரரசு அன்றைக்கே செத்துவிடவில்லை, பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று இடம் மாறி இன்னும் பல பத்தாண்டுகள் இழுத்துக்கொண்டு கிடந்தது. ஆனால் செஞ்சி, தஞ்சாவூர், மதுரை நாயக்கர்கள் தனித்தனி அரசர்கள் போலவே நடக்க ஆரம்பித்தார்கள். ராயர் என்று ஒருவர் மேலே இருந்தார், பேச்சுதான் எடுபடவில்லை. இந்த நிலைமையில், நம் கடற்கரையை ஆண்டவர் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர். அவர் தம்பி ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்தார்.

இப்போது கடல் பக்கம் திரும்புங்கள். வடக்கே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்திருந்தார்கள். (அங்கே அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கிய கல் நிற்கும், ஒருமுறை போய்ப் பாருங்கள்.) தெற்கே சாந்தோமில் போர்த்துகீசியர்கள். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மசூலிப்பட்டினத்திலும் நிம்மதி இல்லை, துர்கராஜபட்டினத்தில் 1626ல் போட்ட கிடங்கிலும் வியாபாரம் தழைக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது துணி, நல்ல பருத்தித் துணி, மலிவாக. கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே இடம் தேடி வந்து 1639ல் நாயக்கரிடம் அனுமதி வாங்கினார். நாயக்கர் ஏன் கொடுத்தார்? அவருக்கும் கணக்கு இருந்தது. சொந்தமாக ஒரு துறைமுகம் இருந்தால் வரும்படி வரும், பாரசீகக் குதிரை வாங்கலாம், ஆபத்துக் காலத்தில் ஒதுங்க ஒரு கோட்டையும் இருக்கும். வலுவான ஒரு மேலரசு இருந்திருந்தால் ஒரு நாயக்கர் தன் இஷ்டத்துக்கு வெளிநாட்டுக்காரனோடு பேரம் பேசியிருக்க முடியுமா? ஆக, நம் ஊர் பிறந்த அந்த ஒரு காகிதத்திலேயே மூன்றும் இருக்கிறது: பரவ வந்த கம்பெனி, பிளந்து கிடந்த பேரரசு, இரண்டு பக்கமும் போட்டிக்கு டச்சும் போர்த்துகீசும். நாயக்கரின் அப்பா சென்னப்ப நாயக்கரின் பெயரில்தான் சென்னப்பட்டணம்.

அதற்குப் பிறகு நடந்ததை வாடகை வீட்டுக் கணக்காகச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிறது. வீட்டுக்காரர் மாறிக்கொண்டே இருந்தார், குடித்தனக்காரர் மட்டும் காலி செய்யவே இல்லை. 1645ல் மூன்றாம் ஸ்ரீரங்க ராயர் அனுமதியை உறுதி செய்து கொடுத்தார். ஓரிரு ஆண்டிலேயே இந்தப் பகுதி கோல்கொண்டா சுல்தான் கைக்குப் போனது. கம்பெனி அவரோடு பேசி முடித்துக்கொண்டது. 1672ல் ஆண்டுக்கு 1,200 வராகன் (அந்தக் காலத்துத் தங்கக் காசு) குத்தகை என்று ஏற்பாடு. 1687ல் கோல்கொண்டாவையே ஔரங்கசீப் பிடித்துவிட்டார். கம்பெனி முகலாயர்களோடும் பேசி முடித்துக்கொண்டது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் வேறு எங்கேயோ சண்டையில் இருந்தார். ஒவ்வொரு தடவையும் குடித்தனக்காரர் இன்னொரு அறையைச் சேர்த்து எடுத்துக்கொண்டார்.

அந்த அறைகளின் பெயர்களைச் சொல்கிறேன். 1693ல் தண்டையார்பேட்டை, எழும்பூர், புரசைவாக்கம். அப்போது முகலாயப் படை செஞ்சிக் கோட்டையை மராத்தியர்களிடமிருந்து பிடிக்க வருடக்கணக்காக முற்றுகை போட்டுக்கொண்டிருந்தது. 1708ல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தாங்காடு என்று ஐந்து ஊர். கொடுத்தவர் முகலாயரின் நவாப் தாவூத் கான், 1702ல் சென்னையை மூன்று மாதம் போல மறித்து நின்றவர். அதற்கு முந்தின ஆண்டுதான் ஔரங்கசீப் இறந்திருந்தார், டில்லியில் வாரிசுச் சண்டை. 1742ல் வேப்பேரி, பெரம்பூர், புதுப்பாக்கம், எர்ணாவூர், சடையன்குப்பம். அது ஆற்காட்டு நவாப் குடும்பத்துக்குள்ளேயே கொலையும் குழப்பமும் நடந்த காலம்.

இந்தப் பட்டியலை நான் மாடியில் வாசித்தபோது பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தினமும் பஸ்ஸில் கண்டக்டர் கூவுகிற பெயர்கள் இவை. பிளாசிப் போர் 1757ல்தான் நடந்தது. அதற்கு எவ்வளவோ முன்னாலேயே, பெரிய போர் எதுவும் இல்லாமலே, நம் தெருக்கள் ஒவ்வொன்றாகக் கைமாறிவிட்டன. வட சென்னை என்றாலே புகையும் தொழிற்சாலையும்தான், சரித்திரம் எல்லாம் மயிலாப்பூரோடு சரி என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். ஒரு பேரரசு எப்படி மெள்ள மெள்ள முளைத்தது என்கிற கதை முழுக்க இங்கேதான் கிடக்கிறது.

சரி, காலட் ஏன் வந்தார்? 1708ல் கொடுத்த ஐந்து ஊர்களை அடுத்து வந்த அதிகாரிகள் திரும்பக் கேட்டுத் தகராறு செய்தார்கள். 1717ல் முகலாய பாதுஷா ஃபரூக்சியாரின் ஃபர்மான், அதாவது அரசாணை, வந்த பிறகுதான் கம்பெனியின் பிடி இறுகியது. பிடி இறுகினால் மட்டும் போதாது, அந்த நிலத்தில் தனக்கு வேண்டியதைச் செய்கிற ஆட்கள் குடியிருக்க வேண்டும். துணிதான் உயிர். நெய்கிறவர்கள் ஒரு பக்கம், அவர்களைக் குடிவைக்கத்தான் காலட் வந்தார். நெய்த துணியை வெளுத்துக் கப்பலுக்குத் தயார் செய்கிறவர்கள் இன்னொரு பக்கம், அவர்கள் குடியிருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை. மெட்ரோ ரயிலில் காலடிப்பேட்டையில் ஏறி வண்ணாரப்பேட்டையில் இறங்குகிறவர்கள், அந்தக் காலத்துத் துணி போன வழியில்தான் போகிறார்கள். விரிவு என்றால் கொடி நாட்டுவதும் பீரங்கி வைப்பதும்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆள் கொண்டுவந்து குடிவைப்பது அதைவிட ஆழமான விரிவு. கொடியை ஒரே நாளில் இறக்கிவிடலாம், முன்னூறு ஆண்டாக ஊன்றிய பேட்டையை என்ன செய்வது?

இனி போட்டி. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவில் ஆஸ்திரியாவின் அரியணைக்கு யார் வாரிசு என்று 1740ல் ஒரு சண்டை தொடங்கியது. நமக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அந்தச் சண்டையில் இங்கிலாந்து ஒரு பக்கம், பிரான்ஸ் எதிர்ப்பக்கம். இங்கே ஆங்கிலேயர் சென்னையில், பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே கப்பல் படையோடு வந்து சென்னையைப் பிடித்துவிட்டார். 11 லட்சம் வராகன் கொடுத்தால் ஊரைத் திருப்பித் தருகிறேன் என்று அவர் பேசினார். புதுச்சேரி கவர்னர் டூப்ளே முடியாது என்றார். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தபோதே அக்டோபர் புயல் வந்து லா பூர்தொனேயின் கப்பல்களைச் சிதைத்துவிட்டது. ஐப்பசியில் இந்தக் கடல் எப்படி இருக்கும் என்று காசிமேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

ஆற்காட்டு நவாப் அன்வருதீன் சும்மா இருக்கவில்லை. ஊரைப் பிடித்து உங்களிடமே தருகிறேன் என்று டூப்ளே சொன்ன வார்த்தை பொய்த்ததும், மகன் மாபூஸ் கான் தலைமையில் பத்தாயிரம் பேர் அளவுக்குப் படையை அனுப்பினார். அடையாற்றங்கரையில் சண்டை. எதிரே சில நூறு பிரெஞ்சு வீரர்களும், அவர்கள் பழக்கி வைத்திருந்த நம் ஊர்ச் சிப்பாய்களும்தான். நவாப் படை நொறுங்கிப்போனது. அந்த ஒருநாள் சண்டையில் என்ன மாறியது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்: அதுவரைக்கும் ஐரோப்பியக் கம்பெனிகள் நவாப்பைப் பார்த்துப் பயந்தன, சலாம் வைத்தன, நஜர் என்று காணிக்கை கொடுத்தன. அன்றைக்கு அந்தப் பயம் போய்விட்டது. ஒழுங்காகப் பயிற்சி கொடுத்த ஒரு சின்னப் படை எவ்வளவு பெரிய கூட்டத்தையும் கலைத்துவிடும் என்று இரண்டு கம்பெனிக்கும் தெரிந்துவிட்டது.

இதையெல்லாம் அன்றாடம் தமிழில் எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை, டூப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா, நம் பெரம்பூர்தான், 1709ல்.

1748ல் ஐரோப்பாவில் சமாதானம் பேசினார்கள். சென்னையை ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுப்பது என்று முடிவு. பதிலுக்கு இங்கிலாந்து எதைக் கொடுத்தது? இன்றைய கனடாவில், பனி கொட்டுகிற கடற்கரையில், லூயிஸ்பர்க் என்று ஒரு பிரெஞ்சுக் கோட்டை. 1745ல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் குடியேற்றக்காரர்கள் உயிரைக் கொடுத்துப் பிடித்த கோட்டை. அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் அவர்களுடைய ராஜா அதைப் பிரான்சுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு சென்னையை வாங்கிக்கொண்டார். அவர்கள் கொதித்துப்போனார்கள், அந்த மனக்கசப்பு ஆறவில்லை. ராயபுரத்துக் கடலோரமும் வட அமெரிக்கக் கடலோரமும் ஒரே தராசின் இரண்டு தட்டில் ஏறின. இரண்டு பக்கத்து ஜனங்களிடமும் யாரும் கருத்துக் கேட்கவில்லை. போட்டி அரசுகள் வரலாற்றை வடிவமைக்கின்றன என்று புத்தகத்தில் ஒரு வரி வரும். அந்த வரியின் முழு அர்த்தம் இதுதான்.

ஆகஸ்ட் 1749ல் ஊர் திரும்பி வந்தது. ஆனால் எந்த ஊர்? அந்தக் காலத்தில் நம் ஆட்கள் குடியிருந்த கறுப்பர் நகரம் கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டியே இருந்தது, இன்றைக்கு உயர்நீதிமன்றம் நிற்கிற இடத்தில். கோட்டையைப் பிடித்து வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்கள், எதிரி மறைந்து நின்று சுட வசதியாகப் போய்விடும் என்று சுவரோரத்து வீடுகளை இடித்தார்கள். ஊரை மீட்ட ஆங்கிலேயர்கள் என்ன செய்தார்கள்? அதே காரணத்துக்காக மிச்சத்தையும் இடித்தார்கள். ஊரின் பெரிய கோயிலான சென்னக்கேசவப் பெருமாள் கோயிலும் அப்போது போய்விட்டது. மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் முயற்சியில், பூக்கடைக்குப் பக்கத்தில், பெருமாளுக்கும் சென்ன மல்லீஸ்வரருக்குமாக ஒட்டி ஒட்டி இரண்டு கோயில் எழும்பியது. இன்றும் பட்டணம் கோயில் என்றே சொல்கிறார்கள். பூ வாங்கப் போகும்போது கொஞ்சம் தள்ளி தேவராஜ முதலி தெருவுக்குள் நுழைந்து பாருங்கள். இரண்டு எதிரிகளும் சேர்ந்து இல்லாமல் ஆக்கிய ஒரு ஊரின் சாமிகள் அங்கே குடியிருக்கிறார்கள்.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி மறுபடி வந்தார். இரண்டு மாதம் முற்றுகை. கோட்டை விழவில்லை, 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்ததும் லாலி முற்றுகையை விட்டுவிட்டுப் போனார். ஆனால் கோட்டைக்கு வெளியே இருந்தவர்களின் வீடுகள் சூறையாடப்பட்டன. அதற்கப்புறம்தான் கோட்டைக்கும் ஊருக்கும் நடுவே வெட்டவெளி இருந்தே ஆக வேண்டும், இந்த எல்லையைத் தாண்டி வீடு கட்டக்கூடாது என்று எல்லைத்தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று பாரிமுனையில், டேர் ஹவுஸ் ஓரத்தில், இன்னும் நிற்கிறது. அங்கே பஸ்ஸுக்கு நிற்கும்போது பலமுறை அதைக் கடந்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களை வடக்கே தள்ளி, இன்றைய ஜார்ஜ் டவுனை உண்டாக்கிய கல் அது. 1911ல் ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டிக்கொண்டதையொட்டித்தான் ஜார்ஜ் டவுன் என்ற பெயரே வந்தது.

ஆற்காட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாடப் புத்தகத்தில் கர்நாடகப் போர்கள் என்று விரிவாகவே இருக்கிறது. 1748ல் ஹைதராபாத் நிஜாம் இறந்ததும் மகனுக்கும் பேரனுக்கும் சண்டை. ஆற்காட்டில் நவாப் பதவிக்குச் சந்தா சாகிபும் அன்வருதீன் குடும்பமும் சண்டை. பிரெஞ்சுக்காரர்கள் ஒரு ஜோடியைப் பிடித்துக்கொண்டார்கள், ஆங்கிலேயர்கள் எதிர் ஜோடியை. 1749ல் ஆம்பூரில் அன்வருதீன் கொல்லப்பட்டார். 1751ல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்து வைத்துக்கொண்டார். 1760ல் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. மறு ஆண்டு புதுச்சேரியும் விழுந்தது. ஆங்கிலேயரால் நவாப் ஆன முகமது அலி வாலாஜா, உதவிக்கு வந்த படையின் செலவுக்குக் கடன் பட்டு, அந்தக் கடனுக்காக வரி வசூலிக்கும் உரிமையைக் கொடுத்து, கடைசியில் 1801ல் அவர் வம்சத்திடமிருந்து கர்நாடக நாடே கம்பெனிக்குப் போனது. ஜெயித்த நவாப்பும் தோற்ற நவாப் மாதிரியே நாட்டை இழந்தார். வீட்டுச் சண்டைக்குத் துணையாக வெளியாளைக் கூப்பிட்டால் அவன் சம்பளம் கேட்பான், அவ்வளவுதான் விஷயம். 1856ல் ராயபுரத்திலிருந்து ஓடிய முதல் ரயில் போய் நின்ற இடம் வாலாஜா ரோடு. நவாப்பின் பெயர் ஒரு ஸ்டேஷன் பலகையில் மிஞ்சியது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் வந்த பிறகு நடந்த சூழ்ச்சி, அதற்கு முன்னால் நாம் ஒற்றுமையாக இருந்தோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் கல்வெட்டுகளே வேறு கதை சொல்கின்றன. முதலாம் பராந்தக சோழன் வடக்கே விரிந்துகொண்டே போனான். விரிந்த எல்லையைக் காக்க மகன் ராஜாதித்தனைப் படையோடு வடக்கே நிறுத்தியிருந்தான். 949ல், அரக்கோணம் பக்கத்துத் தக்கோலத்தில், ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு மோதல். யானை மேலிருந்தபடியே ராஜாதித்தன் கொல்லப்பட்டான். அப்புறம் சில பத்தாண்டுகள் திருவொற்றியூர் உட்படத் தொண்டைநாடு முழுக்க ராஷ்டிரகூடர் வசம். "கச்சியும் தஞ்சையும் கொண்ட" கன்னரதேவன் என்று அந்த அரசனின் பெயரிலேயே நம் கோயிலில் கல்வெட்டு இருக்கிறது.

அதில் ஒன்று, சதுரானன பண்டிதர் என்ற துறவியைப் பற்றியது. கேரளத்தைச் சேர்ந்தவர், ராஜாதித்தனுக்கு நெருங்கிய நண்பர். தலைவன் செத்த போரில் தானும் சேர்ந்து சாக முடியவில்லையே என்று மனம் வெறுத்து, கங்கையில் முழுகி, பிறகு திருவொற்றியூருக்கு வந்து துறவு வாங்கி மடம் நடத்தினார். யோசித்துப் பாருங்கள். சேர நாட்டில் பிறந்து, சோழ இளவரசனுக்காகப் போர் செய்து, அவனைக் கொன்ற அரசனின் ஆட்சியிலேயே, நம் தேரடிக்குப் பக்கத்தில் மிச்ச வாழ்நாளைக் கழித்த ஒரு மனிதர். பிறகு சோழர்கள் மீண்டு எழுந்தார்கள். ராஜேந்திர சோழன் காலத்தில் அதே மடத்து வழியில் வந்த இன்னொரு சதுரானன பண்டிதர் சொல்லித்தான் அந்தக் கோயிலின் விமானம் கருங்கல்லில் எழும்பியது. கங்கை வரைக்கும் கடாரம் வரைக்கும் போனவனின் பெயர் எல்லாருக்கும் தெரியும். நண்பனை இழந்து நின்றவரின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு அதைவிட ஆசை.

இன்னும் ஒரு சுவர் பாக்கி இருக்கிறது. 1769ல் ஹைதர் அலி குதிரைப் படையோடு சென்னையின் வாசல் வரைக்கும் வந்துவிட்டார், கம்பெனி அலறி அடித்துக்கொண்டு சமாதானம் செய்துகொண்டது. உடனே கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்ப ஆரம்பித்தார்கள். செலவுக்கு ஊர்க்காரர்களிடமே வரி போடத் திட்டம். வரி நிலைக்கவில்லை, பெயர் நிலைத்துவிட்டது, வால்டாக்ஸ் ரோடு. மதிலின் ஒரு துண்டு பழைய ஜெயில் ரோட்டில், மாடிப் பூங்காவாக நிற்கிறது. எங்கோ மைசூர்க்காரருக்கும் கம்பெனிக்கும் இருந்த பகையின் மேல் இப்போது நம் பிள்ளைகள் ஏறி விளையாடுகிறார்கள். எம்டனும் அப்படித்தான். முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் வந்து துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. அந்தப் பெயர் இன்னும் நம் பேச்சில் இருக்கிறது, "அவன் சரியான எம்டன்" என்கிறோமே, அந்தக் கப்பல்தான்.

கடைசியாகப் பிளவின் இன்னொரு முகம். 1801க்குப் பிறகு கம்பெனி கைக்கு வந்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து மெட்ராஸ் மாகாணம் என்று வைத்துக்கொண்டது. கஞ்சத்திலிருந்து திருநெல்வேலி வரை, மலபாரும் பெல்லாரியும் சேர்த்து. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், ஒடியா எல்லாம் ஒரே கவர்னரின் காகிதக் கட்டுக்குள். வரி வசூலிக்க வசதியாகப் போட்ட எல்லை அது, ஜனங்களைக் கேட்டுப் போட்டது இல்லை. சுதந்திரம் வந்ததும் கட்டு அவிழ்ந்தது. தெலுங்கு மாநிலம் கேட்டு மயிலாப்பூரில் உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15ல் இறந்தார். அவர் பிறந்தது ஜார்ஜ் டவுன் அண்ணா பிள்ளை தெருவில். சென்னை யாருக்கு என்பதுதான் பெரிய சண்டை. "மதராஸ் மனதே" (மதராஸ் நம்முடையதே) என்று தெலுங்கில் ஒரு பக்கம், "தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்" என்று ம.பொ.சி. ஒரு பக்கம். இரண்டு கோஷத்துக்கும் உணர்ச்சி ஒன்றுதான், தான் பிறந்து வளர்ந்த ஊரை விட மனசு வராதது. 1953 மார்ச்சில் சென்னை தமிழ்ப் பக்கமே இருக்கும் என்று நேரு அறிவித்தார், அக்டோபர் 1ல் கர்னூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திரா பிறந்தது. திருத்தணி நம் பக்கம் வர 1960 ஏப்ரல் ஆனது. பழவேற்காடு ஏரியே இரண்டாகப் போய்விட்டது. ஊர் இங்கே, தண்ணீரில் பெரும்பகுதி அங்கே.

இந்த முறை விரிசல் போரில் முடியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உயிர் போனது, கல்வீச்சு நடந்தது, ஆனால் முடிவு சட்டமாக வந்தது. வெளியிலிருந்து பிரெஞ்சுக்காரனோ ஆங்கிலேயனோ அந்த விரிசலுக்குள் கைவிடக் காத்திருக்கவில்லை. என் கணிப்பில் அதுதான் 1749க்கும் 1953க்கும் உள்ள வித்தியாசம்.

காலடி யாருடையது என்று கேட்ட பெண்ணின் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், தண்டையார்பேட்டையில் நாலு தலைமுறையாக இருக்கிறார்கள். நான் 1953ஐப் பற்றிச் சொன்னதும் அவள் வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் கேட்டிருக்கிறாள். பாட்டிக்கு அப்போது எட்டு வயசு. அக்காவை அதற்கு முந்தின வருஷம்தான் சூலூர்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார்களாம். பக்கத்து ஊருக்குக் கொடுத்த பெண், ஒரு அக்டோபர் மாசம் வேறு மாநிலத்துக்காரி ஆகிவிட்டாள். அக்கா இப்போது இல்லை, அக்காவின் பிள்ளைகள் இருக்கிறார்கள். சங்கராந்திக்குப் பாட்டி தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் யூனிட் ட்ரெயின் ஏறித்தான் போகிறார். கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் வரைக்கும் பலகையில் முதல் எழுத்து தமிழ். அடுத்து தடா. அங்கே தெலுங்கு. "அந்த ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல என்ன இருக்குன்னு பாட்டிகிட்ட கேட்டேண்ணா," என்றாள் அவள், "ரெண்டு பக்கமும் ஒரே வயக்காடுதான், ஜன்னல் பக்கம் உக்காந்தா நீயே பாப்பேன்னாங்க."